நிறத்தை மாற்றியும் டெஸ்க்டாப் மாறவில்லையா? திரையை யார் பூசுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

டெஸ்க்டாப்புக்குப் படம் எதுவும் வேண்டாம், ஒரே நிறம் போதும் என்று அமைப்புகளில் நீலத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். திரை கறுப்பாகவே இருக்கிறது. அல்லது லாகின் ஆனதும் அரை நொடி நீலம் தெரிகிறது, உடனே பழைய படம் வந்து மூடிவிடுகிறது. அல்லது எல்லாம் சரியாக வந்து, கணினியை அணைத்துப் போட்டதும் பழையபடி ஆகிவிடுகிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான். நீங்கள் கொடுத்த நிறம் தொலைந்துபோகவில்லை. அதன்மேல் வேறொன்று வரையப்பட்டிருக்கிறது, அல்லது நீங்கள் ஒரு நிரலிடம் சொல்ல, திரையைப் பூசுவது இன்னொரு நிரலாக இருக்கிறது. எனவே நிறத்தை மறுபடி மறுபடி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. பூசுவது யார் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

பின்னணியில் எத்தனை அடுக்கு?

லினக்ஸில், சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ்11-இல் இயங்கும் டெஸ்க்டாப்பை எடுத்துக்கொண்டால், கீழிருந்து மேலாக இப்படி இருக்கும்:

1. அடியில் ரூட் விண்டோ. திரை முழுவதையும் நிரப்பும் வேர்ச் சாளரம் இது. எக்ஸ்செட்ரூட் என்ற சிறு கட்டளை நிறம் பூசுவது இதன்மேல்தான்.
2. அதற்கு மேல் டெஸ்க்டாப் நிரல். ஐகான்களைக் காட்டுவதும், வலது கிளிக் செய்தால் மெனு தருவதும் இதுதான். லினக்ஸின் டெஸ்க்டாப் சூழல்களில் இதன் பெயர் வேறுபடும்: எக்ஸ்எஃப்சிஇ-யில் எக்ஸ்எஃப்டெஸ்க்டாப், எல்எக்ஸ்டிஇ-யில் பிசிமேன்எஃப்எம், கேடிஇ-யில் பிளாஸ்மாஷெல். திரையளவுக்கு ஒரு சாளரத்தை விரித்து ரூட் விண்டோவை முழுக்க மறைத்துவிடும்.
3. அந்த டெஸ்க்டாப் நிரலுக்குள்ளேயே இரண்டு அடுக்கு: முதலில் நிறம், அதன்மேல் படம். படம் திரையை முழுதாக நிரப்பினால் நிறத்துக்கு வேலையில்லை. படம் சிறியதாக இருந்தாலோ, ஒளி ஊடுருவும் பகுதிகள் உள்ள பிஎன்ஜி கோப்பாக இருந்தாலோ, இடைவெளியில் நிறம் தெரியும்.

லாகின் ஆகும்போது அரை நொடி மின்னி மறையும் நிறத்தின் கதை இதுதான். அது ரூட் விண்டோவின் நிறம். டெஸ்க்டாப் நிரல் எழுந்து வந்ததும் அதை மூடிவிடுகிறது. அந்த மின்னலை மட்டும் மாற்றுவதுதான் நோக்கம் என்றால் எக்ஸ்செட்ரூட் போதும். நிரந்தர நிறத்துக்கு அது உதவாது.

எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலாண்ட் முறையில் ரூட் விண்டோ என்பதே கிடையாது. பின்னணியை, சாளரங்களை ஒன்றுசேர்த்துத் திரைக்கு அனுப்பும் நிரலான கம்பாசிட்டர் நேரடியாகவோ, அதற்கென ஒரு துணை நிரல் மூலமாகவோ பூசுகிறது. இங்கே எக்ஸ்செட்ரூட்டை இயக்கினால் பிழைச் செய்தி எதுவும் வராது, நிறமும் மாறாது. பழைய செயலிகளுக்காக உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்வேலாண்டின் ரூட் விண்டோவுக்கு நிறம் போய்ச் சேர்ந்திருக்கும். அது திரைக்கு வருவதே இல்லை. எக்ஸ்11 காலத்துக் குறிப்புகளை அப்படியே பின்பற்றி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

நிறத்தை எழுதும் முறை: ஒரே நீலம், நான்கு வடிவம்

திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். இது எல்லோருக்கும் பொது. ஆனால் அந்த மூன்று எண்களை எழுதும் விதம் ஒவ்வொரு நிரலிலும் வேறு. ஒரு மங்கலான நீலத்தை எடுத்துக்கொள்வோம்:

- க்னோம் (இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்), பிசிமேன்எஃப்எம், எக்ஸ்செட்ரூட் ஆகியவற்றில் #336699. இது பதினாறடிமான எண். இரண்டிரண்டு இலக்கமாகச் சிவப்பு, பச்சை, நீலம்.
- கேடிஇ-யின் அமைப்புக் கோப்பில் 51,102,153. இடையில் காற்புள்ளி.
- விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் 51 102 153. காற்புள்ளி இல்லை, இடைவெளி மட்டும்.
- எக்ஸ்எஃப்சிஇ-யில் 0.2, 0.4, 0.6, 1. அதாவது 255-ஆல் வகுத்த பின்னம். நான்காவது எண் ஒளிபுகாத் தன்மை.

இங்கேதான் தவறுகள் முளைக்கின்றன. பின்னம் கேட்கும் இடத்தில் 51, 102, 153 என்று கொடுத்தால் மூன்றுமே உச்ச வரம்பான 1-ஐத் தாண்டிவிடும், வெள்ளைத் திரைதான் மிஞ்சும். நான்காவது எண்ணை 0 என்று விட்டால் நிறம் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸில் சாளர விளிம்புகளுக்கான அழுத்த நிறம் (ஆக்சன்ட் கலர்) ரெஜிஸ்ட்ரியில் நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழ் வரிசையில் சேமிக்கப்படுகிறது. #336699 என்பதை அங்கே அப்படியே ஒட்டினால் #996633 ஆகிவிடும், நீலம் கேட்டவருக்குப் பழுப்பு கிடைக்கும். சிவப்பும் நீலமும் இடம் மாறித் தெரிந்தால் வரிசைக் குழப்பம் என்று சந்தேகப்படுங்கள்.

இன்னொரு பொறி டெர்மினலில் இருக்கிறது. பாஷ் ஷெல்லில் ஒரு சொல் # குறியுடன் தொடங்கினால், அதிலிருந்து வரியின் இறுதி வரை வெறும் குறிப்புரையாகக் கருதப்பட்டு விடப்படும். எக்ஸ்செட்ரூட்டுக்கு நிறத்தை மேற்கோள் குறி இல்லாமல் கொடுத்தால், அந்த நிரலுக்கு நிறமே போய்ச் சேராது. எப்படிப் பயன்படுத்துவது என்ற உதவிப் பட்டியலை அச்சிட்டுவிட்டு நின்றுவிடும். '#336699' என்று ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள்.

க்னோம்: அமைப்புகளில் இல்லை, உள்ளே இருக்கிறது

க்னோமின் இன்றைய அமைப்புகள் சாளரத்தில் படங்கள் மட்டுமே இருக்கின்றன, தனி நிறம் தேர்ந்தெடுக்க வழி வைக்கவில்லை. முன்பு இருந்த வசதியை எடுத்துவிட்டார்கள். வசதியைத்தான் எடுத்தார்களே தவிர, நிறம் பூசும் திறன் அப்படியே இருக்கிறது.

1. க்னோமின் உள் அமைப்புகளைத் திருத்தும் டிகான்ஃப் எடிட்டரைத் திறந்து ஆர்க், க்னோம், டெஸ்க்டாப், பேக்ரவுண்ட் என்ற வரிசையில் உள்ளே போங்கள்.
2. 'பிக்சர்-ஆப்ஷன்ஸ்' என்பதை 'நன்' ஆக்குங்கள். இதைச் செய்யாமல் நிறத்தை மட்டும் மாற்றுவதுதான் மிகப் பரவலான தவறு. படம் மேலே உட்கார்ந்திருக்கும்.
3. 'கலர்-ஷேடிங்-டைப்' என்பதை 'சாலிட்' ஆக்குங்கள். 'வெர்டிகல்', 'ஹாரிசான்டல்' என்று கொடுத்தால் இரண்டு நிறங்களுக்கு இடையே படிப்படியாக மாறும் சாயல் கிடைக்கும்.
4. 'பிரைமரி-கலர்' என்பதில் #336699 என்று எழுதுங்கள். சாயல் வேண்டுமானால் 'செகண்டரி-கலர்' என்பதிலும் ஒரு நிறம்.

2022-இல் வந்த க்னோம் 42 முதல் இருண்ட தோற்றத்துக்குத் தனிப் படம் உண்டு. 'பிக்சர்-யூஆர்ஐ' என்பதை மட்டும் காலி செய்தவர்கள், தோற்றம் இருட்டுக்கு மாறியதும் படம் திரும்பி வந்துவிட்டதே என்று குழம்புவார்கள். 'பிக்சர்-யூஆர்ஐ-டார்க்' என்று இன்னொன்று இருப்பது அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. 'நன்' முறையில் போனால் இந்தச் சிக்கலே எழாது.

இதே மாற்றங்களை ஜிசெட்டிங்ஸ் கட்டளையாலும் செய்யலாம். ஆனால் அதன் முன்னால், நிர்வாகி உரிமையுடன் இயக்கும் சுடோ-வைப் போடாதீர்கள். போட்டால் ரூட் (நிர்வாகி) பயனரின் டெஸ்க்டாப் நிறம் மாறும், உங்களுடையது மாறாது. மணிக்கொரு நிறம் என்று, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரான் மூலம் தானியங்கியாக்கினாலும் இதே கதைதான். கிரானுக்கு உங்கள் அமர்வின் டிபஸ் (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் தடம்) முகவரி தெரியாது, அதனால் கட்டளை ஓடியும் திரை அசையாது. அந்த முகவரியைச் சூழல் மாறியாகக் கொடுக்க வேண்டும், அல்லது சிஸ்டம்டி-யின் பயனர் டைமரைப் பயன்படுத்தலாம். இரண்டாவதுதான் தலைவலி குறைந்த வழி.

எக்ஸ்எஃப்சிஇ: ஒவ்வொரு திரைக்கும் ஒரு கணக்கு

டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து டெஸ்க்டாப் அமைப்புகளுக்குப் போய், பட வகையை 'எதுவுமில்லை' என்றும் நிறத்தை 'ஒரே நிறம்' என்றும் வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் 'இரண்டாவது மானிட்டரில் வரவில்லை', 'நான்காவது பணியிடத்துக்குப் போனால் பழைய படம் இருக்கிறது' என்ற புகார்கள் ஓயாமல் வரும். காரணம், எக்ஸ்எஃப்சிஇ நிறத்தை மானிட்டருக்கும் பணியிடத்துக்கும் தனித்தனியாகச் சேமிக்கிறது.

- 'எல்லாப் பணியிடங்களுக்கும் பொருந்தும்' என்ற தேர்வுப் பெட்டியில் குறியிட்டால் பணியிடச் சிக்கல் தீரும்.
- அமைப்புகள் சாளரம் எந்த மானிட்டரில் இருக்கிறதோ, அந்த மானிட்டருக்குத்தான் மாற்றம் போகும். சாளரத்தை இழுத்துக்கொண்டுபோய் இரண்டாவது திரையில் விட்டு, அங்கே மறுபடி நிறம் கொடுக்க வேண்டும்.
- சேமிப்பு மானிட்டர் செருகப்பட்ட துளையின் பெயரில் இருக்கிறது. எச்டிஎம்ஐ-யிலிருந்து கேபிளைக் கழற்றி டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டினால், கணினியைப் பொறுத்தவரை அது புதுத் திரை. நிறம் இயல்புநிலைக்குப் போய்விடும்.

எக்ஸ்எஃப்சிஇ-யின் அமைப்புகளைச் சேமிக்கும் எக்ஸ்எஃப்கான்ஃப்-இன் எக்ஸ்எம்எல் கோப்பைக் கையால் திருத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பின்னணியில் ஓடும் எக்ஸ்எஃப்கான்ஃப் சேவை எல்லா மதிப்புகளையும் நினைவகத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் கோப்பைத் திருத்திச் சேமித்தாலும், அடுத்த முறை ஏதாவது ஓர் அமைப்பு மாறும்போது தன்னிடம் இருப்பதை அதன்மேல் எழுதிவிடும். கோப்பைத் தொடாமல் எக்ஸ்எஃப்கான்ஃப்-கொரி கட்டளை மூலம் மாற்றுவதே சரி.

கேடிஇ, எல்எக்ஸ்டிஇ, ஐ3 வகையறா

கேடிஇ பிளாஸ்மாவில் வலது கிளிக், டெஸ்க்டாப் உள்ளமைவு, வால்பேப்பர் வகையில் 'வெறும் நிறம்'. இதுவும் மானிட்டருக்கு ஒன்று, செயற்களத்துக்கு (ஆக்டிவிட்டி) ஒன்று. திரை கறுப்பாகி, வலது கிளிக் மெனுவும் வராமல், திறந்திருந்த சாளரங்கள் மட்டும் வேலை செய்தால் அது நிறப் பிரச்சினை அல்ல. பிளாஸ்மாஷெல் விழுந்துவிட்டது. அதை மறுபடி இயக்கினால் பின்னணி தானாக வரும்.

எல்எக்ஸ்டிஇ-யில் டெஸ்க்டாப் விருப்பங்களில் 'பின்னணி நிறத்தால் மட்டும் நிரப்பு' என்ற வால்பேப்பர் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐ3, ஓப்பன்பாக்ஸ் போன்ற மெலிந்த விண்டோ மேனேஜர்களில் டெஸ்க்டாப் நிரலே கிடையாது என்பதால் எக்ஸ்செட்ரூட் நேரடியாக வேலை செய்யும். அதைத் தொடக்கக் கோப்பில் எழுதி வையுங்கள். போலி ஒளிபுகு முறையில் இயங்கும் பழைய டெர்மினல்கள், ரூட் விண்டோவின் ஒரு பண்பில் பதிவாகியிருக்கும் படத்தை எடுத்துத் தம் பின்னால் காட்டுகின்றன. எக்ஸ்செட்ரூட் அந்தப் பண்பைப் புதுப்பிப்பதில்லை. அதனால் திரை நீலமாக இருக்க, டெர்மினலுக்குப் பின்னால் மட்டும் பழைய படம் பேயாகத் தெரியும். எச்செட்ரூட் (hsetroot), ஃபே (feh) என்ற வேறு இரு நிரல்கள் பண்பையும் சேர்த்து மாற்றிவிடும்.

விண்டோஸ்: நிறத்துக்கு ஒரு பாதை, படத்துக்கு ஒரு பாதை

அமைப்புகள், தனிப்பயனாக்கம், பின்னணி, 'ஒரே நிறம்'. வழக்கமான பாதை இதுதான். ரெஜிஸ்ட்ரியில் நடப்புப் பயனரின் கண்ட்ரோல் பேனல் கிளையில், கலர்ஸ் என்ற இடத்தில் 'பேக்ரவுண்ட்' என்ற மதிப்பாக நிறம் பதிவாகிறது. வால்பேப்பரின் இருப்பிடம் அதே கிளையில் டெஸ்க்டாப் என்ற இடத்தில் இருக்கிறது. வால்பேப்பர் மதிப்பைக் காலி செய்யாமல் நிறத்தை மட்டும் மாற்றினால் க்னோமில் பார்த்த அதே தவறு. ரெஜிஸ்ட்ரியில் செய்த மாற்றம் தெரிய ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும்.

நிறமும் படமும் நிரலுக்குள் வெவ்வேறு வழிகளில் கையாளப்படுவதால் வினோதமான பிழைகள் வந்திருக்கின்றன. 2009-இல் வெளியான விண்டோஸ் 7-இல், பின்னணியை ஒரே நிறமாக வைத்தவர்களுக்கு மட்டும் லாகின் ஆகும்போது வரவேற்புத் திரை 30 நொடி அப்படியே நின்றது. டெஸ்க்டாப்பின் ஒவ்வொரு பகுதியும் 'நான் தயார்' என்று சொல்லும்வரை வரவேற்புத் திரை காத்திருக்கும். 'வால்பேப்பர் தயார்' என்று சொல்லும் வரி, படத்தை ஏற்றும் பகுதிக்குள் எழுதப்பட்டிருந்தது. படமே இல்லாதவர்களுக்கு அந்த வரி ஓடவில்லை. காத்திருப்பு உச்ச வரம்பான 30 நொடியைத் தொட்ட பிறகுதான் கதவு திறந்தது. பிறகு திருத்தம் வந்தது. அதுவரை, ஒரே நிறத்தில் ஒரு சின்னப் படத்தை வால்பேப்பராக வைத்தவர்கள் தாமதமில்லாமல் உள்ளே போனார்கள்.

2020 ஜனவரியில் நேர்மாறான ஒன்று நடந்தது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்த நாளில் வந்த புதுப்பிப்பு, 'நீட்டி நிரப்பு' முறையில் வைத்திருந்த வால்பேப்பர்களைக் கறுப்பாக்கியது. மற்ற முறைகளுக்குப் பாதிப்பில்லை. ஆதரவு முடிந்த பிறகும் மைக்ரோசாஃப்ட் அதற்கொரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. இன்றும் வால்பேப்பர் காரணமில்லாமல் கறுப்பானால், பொருத்தும் முறையை மாற்றிப் பார்ப்பது ஒரு நிமிடத்தில் முடியும் சோதனை.

விண்டோஸ் 10, 11-இல் கறுப்புப் பின்னணி பிடிவாதமாக நின்றால் பார்க்க வேண்டியவை:

1. எளிதான அணுகல் பகுதியில் பின்னணிப் படங்களை நீக்கும் தேர்வு இயக்கப்பட்டிருக்கிறதா? இருந்தால் எந்தப் படம் வைத்தாலும் தெரியாது.
2. உயர் மாறுபாட்டுத் தோற்றம் இயக்கத்தில் உள்ளதா?
3. 'சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற வரி தெரிகிறதா? குழுக் கொள்கை பூட்டியிருக்கிறது. அலுவலகக் கணினியானால் நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும்.
4. விண்டோஸ் செயலாக்கம் ஆகாமல் இருக்கிறதா? அப்போது தனிப்பயனாக்கப் பக்கமே பூட்டப்பட்டிருக்கும்.
5. தொலைவிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வருகிறீர்களா? இணைப்பு நிரலின் அனுபவத் தாவலில் டெஸ்க்டாப் பின்னணியை விட்டுவிடும் தேர்வு இருக்கிறது. வேகத்துக்காகப் படத்தை அது தவிர்த்துவிடும்.

எந்த டெஸ்க்டாப்பாக இருந்தாலும் செய்து பார்க்கக்கூடிய சோதனை

1. டெஸ்க்டாப் நிரலை ஒரு கணம் நிறுத்துங்கள். எக்ஸ்எஃப்டெஸ்க்டாப்புக்கு வெளியேறும்படி கட்டளை கொடுத்தால், அதன் பின்னால் இருக்கும் ரூட் விண்டோ தெரியும். நீங்கள் கொடுத்த நீலம் அங்கே இருந்தால், தவறான அடுக்கைப் பூசியிருக்கிறீர்கள்.
2. புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து அங்கே நிறத்தை மாற்றுங்கள். அங்கே சரியாக வந்தால் கோளாறு உங்கள் அமைப்புக் கோப்புகளில். அங்கேயும் வராவிட்டால் நிரலிலோ கொள்கையிலோ.
3. மாற்றம் மறுதொடக்கத்துக்குப் பிறகு நிற்கவில்லை என்றால், அமைப்புக் கோப்பின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். எப்போதோ சுடோவுடன் இயக்கியதால் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகியிருக்கலாம். வட்டு நிரம்பியிருந்தாலும் இதே அறிகுறிதான்.
4. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறம் போய்ப் படம் வருகிறதா? தானாக வால்பேப்பர் மாற்றும் செயலி ஒன்று தொடக்கப் பட்டியலில் ஒளிந்திருக்கிறது.
5. எதுவும் பலிக்கவில்லை என்றால், 64-க்கு 64 புள்ளி அளவில் ஒரே நிறத்தில் ஒரு பிஎன்ஜி செய்து, 'ஓடு பதிப்பது' போல அடுக்கும் முறையில் வால்பேப்பராக வையுங்கள். அழகான தீர்வு அல்ல. ஆனால் நிறப் பாதை அடைபட்ட இடங்களில் படப் பாதை வழியாகப் போய்விடலாம்.

நிறம் சரி, கண்ணுக்கு வேறாகத் தெரிகிறதே

இதற்கு முதல் கருவி திரைப்பிடிப்பு. பின்னணியைப் படம் பிடித்து, ஏதாவது ஒரு பட நிரலில் நிறமெடுப்பானால் தொட்டுப் பாருங்கள். எண் 51, 102, 153 என்றே வந்தால் டெஸ்க்டாப் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. கோளாறு அதற்குப் பிறகான பாதையில்.

இரவு விளக்கு முறை நீலத்தைக் குறைத்து மஞ்சள் ஏற்றும். பெரும்பாலும் இது கடைசிக் கட்டத்தில் சேர்வதால் திரைப்பிடிப்பில் பதிவாகாது. மானிட்டருக்கான ஐசிசி நிறச் சுயவிவரம் தவறாக இருந்தாலும் இப்படித்தான்.

கறுப்பு சாம்பலாகவும், எல்லா நிறங்களும் பால் கலந்ததுபோலவும் தெரிந்தால் எச்டிஎம்ஐ-யின் வீச்சைப் பாருங்கள். தொலைக்காட்சி மரபில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினி மரபில் 0, 255. அனுப்புவது தொலைக்காட்சி மரபிலும் வாங்குவது கணினி மரபிலும் இருந்தால் வெளுத்த திரை கிடைக்கும். கிராபிக்ஸ் அமைப்பில் 'முழு வீச்சு' என்று மாற்ற வேண்டும், மானிட்டரின் மெனுவிலும் அதற்கு இணையானதை வைக்க வேண்டும். விண்டோஸில் எச்டிஆர் இயக்கியதும் சாதாரண டெஸ்க்டாப் மங்கினால், எச்டிஆர் பக்கத்திலேயே சாதாரண உள்ளடக்கத்தின் ஒளிர்வுக்குத் தனிச் சறுக்கி இருக்கிறது.

இரு நிறச் சாயலில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுவது கோளாறு அல்ல, கணக்கு. 32 என்ற இருளிலிருந்து 64 என்ற இருளுக்கு 1080 வரிசை உயரத்தில் மாற வேண்டும் என்றால், இடையே இருப்பது 32 படிகள்தான். ஒரு படி சுமார் 34 வரிசை அகலத்துக்குப் பட்டையாகத் தெரியும். நிறங்களின் இடைவெளியைக் கூட்டுங்கள். அல்லது பட நிரலில் லேசான புள்ளி இரைச்சல் சேர்த்த சாயல் படத்தைச் செய்து அதையே வால்பேப்பராக வையுங்கள்.

ஐகான் பெயர்கள் படிக்கத் தெரிய வேண்டும்

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசியாகக் கவனிக்கப்படுவதும், தினமும் உறுத்துவதும் ஐகான்களின் கீழுள்ள எழுத்து. பெரும்பாலான டெஸ்க்டாப்களில் அது வெள்ளை. இணைய அணுகல் தரமான டபிள்யூசிஏஜி, சாதாரண அளவு எழுத்துக்கு எழுத்தும் பின்னணியும் 4.5-க்கு 1 என்ற மாறுபாட்டையாவது கொண்டிருக்க வேண்டும் என்கிறது. டெஸ்க்டாப்புக்கும் அது நல்ல அளவுகோல்.

நடுச் சாம்பலான #808080 மேல் வெள்ளை எழுத்து 3.95 மட்டுமே, தேறாது. கொஞ்சம் இருட்டாக்கி #767676 ஆக்கினால் 4.54, மயிரிழையில் தேறும். நாம் எடுத்துக்கொண்ட #336699 சுமார் 6 தருகிறது. விண்டோஸ் 95-இன் பழைய பசுநீலமான 0 128 128 கூட 4.77 தந்து தேறிவிடுகிறது.

சாயல் பின்னணியானால் எந்த முனையைச் சோதிப்பது என்பது ஐகான்கள் அடுக்கப்படும் விதத்தைப் பொறுத்தது. ஐகான்கள் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக நிற்கும் டெஸ்க்டாப்பில், இடமிருந்து வலமாக மாறும் சாயலுக்கு இடது முனையின் நிறம் இருட்டாக இருந்தால் போதும். வலப்பக்கம் எவ்வளவு வெளுத்தாலும் எழுத்துக்குப் பாதிப்பில்லை. மேலிருந்து கீழாக மாறும் சாயலுக்கு இரண்டு முனைகளுமே 4.5-ஐத் தாண்ட வேண்டும்.